கச்சேரியைப் பற்றி ஆங்கிலத்தில் பேச வைப்பது

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இடைநிலை மாணவர்களுக்கு கான்சர்ட், மியூசிக் ஃபெஸ்டிவல் பற்றிய பாடம் எடுக்கப் போகிறாய் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. ‘இட் வாஸ் வெரி நைஸ், ஐ என்ஜாய்ட் எ லாட்’ என்று எல்லாரும் இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்களே, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். என் கணிப்பில் அவர்களுக்குச் சொல் பற்றாக்குறை இல்லை. பாடப்புத்தகங்கள் முதல் பக்கத்திலேயே ‘அமேஸிங், ஃபென்டாஸ்டிக், அன்ஃபர்கெட்டபிள்’ என்று பெயரடைகளை அடுக்கிக் கொடுத்துவிடுகின்றன. தீர்ப்பு கையில் கிடைத்துவிட்டால் நடந்ததைச் சொல்ல யாருக்குத் தோன்றும்? அதனால் வரிசையை மாற்று. முதலில் வினைச்சொல், அடுத்து இடமும் நேரமும், பெயரடை கடைசியில்.

தொடக்கத்துக்கு நாற்பது, நாற்பத்தைந்து விநாடி நேரடிப் பதிவு ஒன்று போதும். முதல் பாட்டு தொடங்குவதற்குச் சற்று முந்தைய சலசலப்பும், பாட்டு எழும் தருணமும் அதில் இருக்க வேண்டும். இரண்டு முறை போடு. முதல் முறை கண்ணை மூடிக் கேட்கட்டும், பேனா வேண்டாம். இரண்டாம் முறை என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதட்டும், எப்படி இருந்தது என்று எழுதக் கூடாது. பிறகு பலகையில் பக்கம் பக்கமாக மூன்று பத்தி போட்டுக்கொள்: மேடையிலிருந்து வந்தது, கூட்டத்திலிருந்து வந்தது, கருவிகளிலிருந்து வந்தது. மேடைப் பத்தியில் சுருதி சேர்க்கும் ‘டியூன் அப்’, கிதார் தந்திகளை மீட்டும் ‘ஸ்ட்ரம்’, எண்ணிக்கை சொல்லிப் பாட்டைத் தொடங்கும் ‘கவுன்ட் இன்’ வரும். கூட்டத்தின் பக்கம் ‘சியர்’, ‘க்ளாப் அலாங்’, ‘சான்ட்’, ‘விசில்’. மூன்றாவதில் ஸ்பீக்கரின் ‘ஹம்’, மைக் ஸ்பீக்கருக்கு முன்னால் போனால் எழும் கீச்சொலியான ‘ஃபீட்பேக்’. பாதிச் சொற்களைத் தாய்மொழியில்தான் சொல்வார்கள், சொல்லட்டும். தேவைப்பட்ட நேரத்தில் கிடைத்த ஆங்கிலச் சொல் மறக்காது.

பதிவு ஒரு நிமிடத்தைத் தாண்டினால் கவனம் பாட்டு வரிகளின் அர்த்தத்துக்குப் போய்விடும். வகுப்பில் யாருக்கும் தெரியாத மொழிப் பாட்டோ, வெறும் வாத்தியமோ நல்லது. காது கேட்காத மாணவரோ, இசை கேட்பதைத் தவிர்க்கும் மாணவரோ இருந்தால் ஒலியை அணைத்துவிட்டு வீடியோவைக் காட்டி, பத்திகளை வெளிச்சம், மனிதர்கள், அசைவு என்று மாற்றிக்கொள். ‘யூ கேன் ஃபீல் தி பேஸ் இன் யுவர் செஸ்ட்’ என்ற வாக்கியத்தை மட்டும் எல்லா வகுப்பிலும் கொடு. பேஸ் என்ற தாழ்சுருதி ஒலியைக் காதோடு சேர்த்து நெஞ்சாலும் தரையில் ஊன்றிய காலாலும் உணர்கிறோம் என்று புரிந்தவுடன், ‘லவுட்’ என்ற ஒரே சொல்லைப் பிடித்துத் தொங்குவது நிற்கும்.

அடுத்தது சொற்கட்டுகள். தனிச் சொல்லாகக் கொடுக்காதே, முழுக் கட்டாகக் கொடு. பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம். ‘தி டோர்ஸ் ஓப்பன்ட் அட் செவன்’, ‘தி லைட்ஸ் வென்ட் டவுன்’, ‘தி பேண்ட் கேம் ஆன்’, ‘தி க்ரவுட் வென்ட் வைல்ட்’, ‘எவ்ரிபடி சேங் அலாங்’, ‘தே கேம் பேக் ஃபார் அன் ஆன்கோர்’ (ரசிகர்கள் கேட்டதால் மீண்டும் மேடைக்கு வந்து வாசிப்பது) என்ற மாதிரி. ஒவ்வொன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கலைத்து, மூன்று பேர் குழுவுக்கு ஒரு கட்டு கொடுத்து, நடந்த வரிசையில் அடுக்கச் சொல். அடுக்கி முடித்தால் கச்சேரியின் எலும்புக்கூடு மேசையில் கிடக்கும். ‘லைட்’டையும் ‘கோ’வையும் தனித்தனியாகப் படித்தவர் ‘தி லைட்ஸ் வேர் ஸ்விட்ச்ட் ஆஃப்’ என்பார். இலக்கணப் பிழை இல்லைதான், ஆனால் நிகழ்ச்சி முடிந்து அரங்கைப் பூட்டுகிறார்கள் என்று தொனிக்கும்.

பெயர்ச்சொல் வேறுபாடுகளுக்குப் பத்து நிமிடம் தாராளம். ஒருவரோ இருவரோ வாசிப்பது ‘ரிசைட்டல்’, சின்ன இடத்தில் பேண்ட் வாசிப்பது ‘கிக்’, பல குழுக்கள், பல மேடைகள், பெரும்பாலும் பல நாட்கள் என்றால் ‘ஃபெஸ்டிவல்’. இசைக்கு ‘ஆடியன்ஸ்’, விளையாட்டுக்கு ‘ஸ்பெக்டேட்டர்ஸ்’. பாடல் இல்லாத வாத்திய இசை ‘பீஸ்’, அதை ‘சாங்’ என்று சொல்வதைத் திருத்து. ‘ஐ ஹெர்ட் எ கான்சர்ட்’ என்று வரும். ‘வென்ட் டு எ கான்சர்ட்’, ‘சா தி பேண்ட் லைவ்’ என்று பழக்கு. முன்னிடைச் சொற்களுக்கு விதி சொல்லிப் பயனில்லை. அரங்கத்தின் படம் ஒன்று வரைந்து ‘ஆன் ஸ்டேஜ்’, ‘இன் தி ஃப்ரன்ட் ரோ’, ‘அட் தி பேக்’ என்று விரல் வைத்துக் காட்டினால் போதும்.

வினையின் காலங்களைச் சொல்லித்தர, அமெரிக்காவில் நடந்த உட்ஸ்டாக் இசை விழாவை விட நல்ல பொருள் எனக்குத் தெரியாது. 1969 ஆகஸ்ட் 15 முதல் 17 வரை என்று திட்டமிட்ட விழா அது. மழையாலும் தாமதத்தாலும் 18ஆம் தேதி திங்கட்கிழமை காலைவரை நீண்டது. கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கடைசியாக மேடையேறியபோது கூட்டத்தில் பெரும்பகுதி கிளம்பிப் போயிருந்தது. இப்போது இரண்டு வாக்கியங்களைப் பலகையில் எழுது. ‘வென் ஹென்ட்ரிக்ஸ் கேம் ஆன், மோஸ்ட் பீப்பிள் லெஃப்ட்.’ ‘வென் ஹென்ட்ரிக்ஸ் கேம் ஆன், மோஸ்ட் பீப்பிள் ஹேட் லெஃப்ட்.’ முதலாவதைப் படித்தால் அவரைக் கண்டதும் கூட்டம் எழுந்து ஓடியதாக ஆகிறது! ‘ஹேட்’ என்ற ஒரு சொல் ஒரு கலைஞரின் மானத்தையே காப்பாற்றுகிறது. பாஸ்ட் பெர்ஃபெக்ட் (முன்பே முடிந்துவிட்டதைச் சொல்லும் இந்த ‘ஹேட்’ காலம்) எதற்கு என்று அதன்பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். தொடக்க நாளும் கை கொடுக்கும்: சாலை நெரிசலில் மற்றவர்கள் வந்து சேராததால் பாடகர் ரிச்சி ஹேவன்ஸ் முதலில் வாசிக்க நேர்ந்தது. ‘பிகாஸ் தி அதர்ஸ் ஹேடன்ட் அரைவ்ட்.’ மழைக்குப் பின்னணிக் காலம், ‘இட் வாஸ் ரெய்னிங்’. மூன்று காலங்களும் ஒரே கதையில் வந்துவிட்டன. நேரம் மிஞ்சினால், 1970இல் ஒரு பவுண்டு டிக்கெட்டுக்குப் பாலும் இலவசமாகக் கொடுத்துத் தொடங்கிய இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவை இன்றைய கிளாஸ்டன்பரியோடு ஒப்பிட்டு ‘யூஸ்ட் டு’ பயிற்சி செய்.

இதற்குப் பிறகுதான் பெயரடை. இரண்டு பிழைகள் நிச்சயம் வரும். ஒன்று, ‘ஐ வாஸ் வெரி எக்சைட்டிங்’. உணர்ந்தவருக்கு ‘எக்சைட்டட்’, உணர வைத்ததற்கு ‘எக்சைட்டிங்’. மற்றொன்று, ‘வெரி ஃபென்டாஸ்டிக்’. ஏற்கெனவே உச்சத்தில் உள்ள சொல்லுக்கு ‘வெரி’ பொருந்தாது, ‘அப்ஸலூட்லி’தான் சேரும். பெயரடை சொல்கிறவர் அதற்கு ஆதாரமாக ஒரு வினையும் சொல்லியாக வேண்டும் என்று விதி வை. ‘தி அட்மாஸ்ஃபியர் வாஸ் எலெக்ட்ரிக்’ என்றால், கூட்டம் என்ன செய்தது? கேள்வி கேட்கிறவருக்கும் ஒரு எச்சரிக்கை: ‘ஹவ் வாஸ் இட் லைக்?’ தவறு. ‘ஹவ் வாஸ் இட்?’ அல்லது ‘வாட் வாஸ் இட் லைக்?’. ‘ஆர்கெஸ்ட்ரா’வில் அழுத்தம் முதல் அசையில் விழும், ‘கொயர்’ என்று எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களை ‘க்வயர்’ என்று சொல்ல வை. உச்சரிப்பில் இப்போதைக்கு இது போதும்.

பேசும் பயிற்சிக்கு நான்கு-மூன்று-இரண்டு முறை தெரியும்தானே? ஒரே விஷயத்தை நான்கு நிமிடம், பிறகு மூன்று, பிறகு இரண்டு நிமிடம் பேசுவது. உன் மாணவர்களுக்கு நான்கு நிமிடம் அதிகம். இரண்டு, ஒன்றரை, ஒன்று என்று வைத்துக்கொள். ஒவ்வொரு சுற்றுக்கும் கேட்பவர் மாற வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதே. அதே ஆளிடம் இரண்டாம் முறை சொல்லும்போது கேட்பவர் நடிக்கிறார், பேசுபவரும் ‘யூ நோ’ என்று பாதியைத் தாண்டிவிடுகிறார். சுற்றுகளுக்கு நடுவே நிறுத்தித் திருத்தாதே, குறித்து வைத்துக்கொண்டு கடைசியில் எல்லாருக்கும் பொதுவாகச் சொல். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதப் போகிறவர்கள் இருந்தால் இதே பயிற்சி நேராக உதவும். அதன் பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியில் தயாரிக்க ஒரு நிமிடம், பேச ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் முழு வாக்கியம் எழுதுபவர் இரண்டாம் வரியிலேயே நின்றுவிடுவார். நேர வரிசையில் ஐந்து வினைகளைக் குறித்துக்கொள்பவர் கடைசிவரை பேசுவார்.

கச்சேரிக்கே போகாதவர்கள் இருப்பார்கள், அவர்களைக் கற்பனை செய்யச் சொல்லாதே. கற்பனை என்றதும் ‘நைஸ்’ திரும்பி வந்துவிடும். பள்ளி விழாவோ, தெருவில் வாசித்த ஒருவரோ, இரண்டு நிமிட வீடியோவோ, உண்மையில் பார்த்த ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும்.

வகுப்பு முடிந்ததும் மாணவர்களைப் பேசியதையே சிறு கட்டுரையாக எழுதச் சொல், அவற்றில் மூன்று நான்கைத் திருத்தாமல் அப்படியே அனுப்பு. ‘ஹேட்’ எங்கெல்லாம் தேவையில்லாமல் நுழைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். புதிதாகக் கற்றதும் எல்லா வினைக்கும் அதை மாட்டுவார்கள், அதற்கு அடுத்த கடிதத்தில் ஒரு பயிற்சி எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்