ரிப்போர்ட் நார்மல்தான், அக்கா

அக்காவுக்கு,

தூக்கமின்மைக்கு, கட்டிலில் கிடக்கும் நேரத்தைக் குறைக்கிற முறையை நாளையிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்றாய். சந்தோஷம். தூக்க மாத்திரைக் கதையை இங்கே இழுக்கவில்லை, நாலு பேர் படிக்கிற இடம். நீயாக மட்டும் நிறுத்திவிடாதே. திடீரென விட்டால் கொஞ்ச நாள் தூக்கம் முன்னைவிடக் கெடும். நோய் முற்றிவிட்டதென்று பயந்துவிடுவாய். குறைப்பது டாக்டர் பாடு.

ஸ்லீப் ஸ்டடியில் எல்லாம் நார்மல் என்று அவர் சொன்னதும் உன் முகம் செத்துப்போனது. வெளியே வந்ததும் அத்தான், "அப்புறம் என்ன?" என்றார். அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். உங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்ததாகிவிடும். மன்னித்துக்கொள். நீயும்தான் வாயைத் திறக்கவில்லையே!

அந்தச் சோதனை மூச்சு நின்று நின்று வருகிறதா, ஆக்ஸிஜன் இறங்குகிறதா, கால் உதறுகிறதா என்று பார்க்கும். தூக்கமின்மையைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். படுக்க நேரமிருந்தும் வாரத்தில் 3 இரவாவது தூக்கம் கெட்டு, பகலும் பாழாகி, 3 மாதம் நீடித்தால் அதுவே நோய். பொய்யில்லை, மனப்பிரமையில்லை. சாயங்காலமானால் காலை ஆட்டாமல் இருக்க முடியவில்லை என்றாயே, அதையும் டாக்டரிடம் சொல், ரத்தத்தில் ஃபெரிட்டின், அதாவது இரும்புச்சத்து இருப்பு, பார்க்கச் சொல்வார்.

நீ தூக்கக் கணக்கு எழுதுகிற நோட்டைப் பார்த்தேன். 10 மணிக்குப் படுத்து 7 மணிக்கு எழுகிறாய், தூங்குவது சராசரி ஐந்தரை மணி நேரம். அதாவது கட்டிலில் கிடக்கிற நேரத்தில் 61 சதவீதம்தான் தூக்கம். மிச்ச நேரமெல்லாம் கட்டிலில் விழித்துக் கிடக்க உடம்பைப் பழக்குகிறாய். இனி 12.30க்கு முன் படுக்காதே. காலை 6க்கு எழு, ஞாயிறும்தான். தூக்கம் வராமல் ஒரு 20 நிமிடம் போனதாகத் தோன்றினால் ஹாலுக்கு வந்து உட்கார்; கண் சொக்கினால் மட்டும் திரும்பப் போ. கடிகாரத்தைப் பார்க்காதே, குத்துமதிப்பு போதும். வாரச் சராசரி 85 சதவீதம் தொட்டால் 15 நிமிடம் முன்னால் படு. தொடவில்லை என்று ஆத்திரப்பட்டு கட்டில் நேரத்தை 5 மணி நேரத்துக்குக் கீழே குறைக்காதே.

முதல் இரண்டு வாரம் பகலில் தள்ளாடும், ஸ்கூட்டியைத் தொடாதே. அங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். கசகசா பாலுக்கு ஒரு வருஷம் கொடுத்தாய், இதற்கு 6 வாரம் கொடு. (மற்றவர்களுக்கு: வலிப்போ, பைபோலார் என்கிற மனநிலை ஏறியிறங்கும் நோயோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்காதீர்கள்.)

மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் சாய்கிறாயாமே, அம்மா சொன்னாள். நோட்டில் அது ஒரு வரிகூட இல்லை. அதையும் எழுது.