செல்ஃபி எடுப்பது நோயல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மனநலப் பகுதியில், 'அடிக்கடி செல்ஃபி எடுப்பவரா? நீங்கள் நார்சிஸிஸ்ட்!' என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். மனம் பொறுக்காமல் எழுதுகிறேன்.

தங்களுக்குத் தெரியாததல்ல. நார்சிஸிஸம் என்பது, தன்னையே பெரிதாக எண்ணி, பிறர் வலியை உணராத ஆளுமைக் கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் 1980-ல் சேர்ந்தது. ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இருக்கவேண்டும். இளவயதில் தொடங்கி, வீடு, வேலை, உறவு என எங்கும் தொடரவேண்டும். எங்கள் பக்கத்துக் கல்யாண வீட்டில் சாமான் பரப்பிக் காட்டுவது பெருமை, நோயல்ல. கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் பின்னால் போனதென்று முறுக்கிக்கொள்ளும் பெரியப்பாவும் நோயாளியல்ல. மறுநாள் பந்தியில் உட்கார்ந்துவிடுவார்.

உண்மையில் இந்தக் கோளாறு உள்ளவரோ, மனைவி காய்ச்சலில் கிடக்க, 'எனக்குக் காப்பி யார் போடுவது?' என்று கத்துவார். அதில் தப்பிருப்பதாகவே அவருக்குத் தோன்றாது. தம்பியின் உழைப்பைத் தன் சாமர்த்தியம் என்பார். சின்னத் திருத்தம் சொன்னாலும் வாரக்கணக்கில் பேசமாட்டார். எதிரே இருக்கும் ஆள் மாறினாலும் இதே கதைதான், வருடக்கணக்கில். கூச்சசுபாவத்தோடு, எதற்கெடுத்தாலும் புண்படுகிறவர்களிலும் இது உண்டு. அவர்களைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

இப்படிப்பட்ட கணவரால் தாய்வீட்டுக்கு வந்து அழும் பெண்ணிடம், 'அனுசரிச்சுப் போ ஆத்தா' என்கிறோம். அதைவிட, அவள் தேதி போட்டு, நடந்ததையும் சொன்ன சொல்லையும் அப்படியே எழுதிவைக்கட்டும். ஆலோசகருக்கு அது பெரிய உதவி. கணவரிடம் நோயின் பெயரைச் சொல்லி அழைத்தால் வரமாட்டார். தூக்கமின்மை, கோபம், மனச்சோர்வு என்று சொல்லி அழைத்தால் வர வாய்ப்புண்டு. இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. நீண்டநாள் பேச்சுவழிச் சிகிச்சைதான். பாதியில் நிறுத்திவிடுவோரும் அதிகம். அடி விழுந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது, பெண்கள் உதவி எண் 181-ஐ உடனே அழைக்கவேண்டும்.

இது முதல்முறையும் அல்ல. சென்ற ஆண்டு, பாத்திரத்தை இரண்டு தடவை கழுவினால் ஓசிடி, அதாவது எண்ணச் சுழற்சி நோய், என்றீர்கள். அதற்கு முன், மனச்சோர்வைச் சோம்பேறித்தனம் என்றீர்கள். எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதிலில்லை. தங்கள் இதழை நம்பித்தான் வீட்டுப்பெண்கள் படிக்கிறார்கள்.

அந்தக் கட்டத்துக்கு அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். கீழே அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416-ஐயும், அது 24 மணி நேரமும் இயங்கும் என்பதையும் அச்சிடுங்கள். இரண்டு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
மனநல ஆலோசகர் ஒருவர்,
காரைக்குடி.