சீர்காழி, கொள்ளிடம் தொடக்கப் பள்ளிகளுக்கு அறிவியல் புத்தகங்கள்: உங்கள் பங்கு வேண்டும்

ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம். சீர்காழியிலும் கொள்ளிடத்திலும் இருப்பவர்கள், இங்கே பிறந்து சென்னையிலோ திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர்கள், எல்லோரிடமும்தான் கேட்கிறோம். இந்த இரண்டு ஒன்றியங்களில் உள்ள 12 ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளுக்கு, தமிழில் எழுதிய நல்ல அறிவியல் புத்தகங்களை வாங்கிக் கொடுக்கப் போகிறோம். மொத்தச் செலவு 90,000 ரூபாய். எங்களுக்குள் போட்டதும் தெரிந்தவர்கள் தந்ததுமாக 31,000 சேர்ந்துவிட்டது. மீதி 59,000 ரூபாய்க்குத்தான் இந்த வேண்டுகோள்.

ஏன் அறிவியல் புத்தகம் மட்டும் என்று நிறையப் பேர் கேட்டார்கள். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது நினைவிருக்கும். தண்ணீர் வடிந்த பிறகு ஒரு பள்ளியில் பீரோவைத் திறந்து பார்த்தபோது கீழ்த்தட்டு இரண்டும் ஊறிக் கிடந்தன. சாதாரணத் தாளில் அச்சடித்த கதைப் புத்தகங்களை வெயிலில் விரித்து, பக்கம் பக்கமாகப் புரட்டி உலர்த்தி, பாதிக்கு மேல் காப்பாற்றிவிட்டோம். வண்ணப் படங்கள் போட்ட அறிவியல் புத்தகங்கள்தான் போயின. வழவழப்பான தாள் நனைந்தால் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும், காய்ந்தால் செங்கல் மாதிரி ஆகிவிடும், பிரித்தால் படம் தோலாக உரிந்து வரும். அன்றைக்கு ஆசிரியரும் நாங்களும் அப்படி உரித்துப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் குப்பையில் போட்டோம். அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. மற்ற பள்ளிகளையும் போய்ப் பார்த்தோம், நனையாத இடங்களிலும் அறிவியல் என்று ஐந்தாறு புத்தகங்களுக்கு மேல் இல்லை.

அதே மழையைப் பற்றி நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்ட கேள்வியை எங்களில் யாரும் மறக்கவில்லை. “எங்க வீட்டுல இடுப்பளவு தண்ணி நின்னுச்சு, 44 சென்டிமீட்டர்னா முட்டிக்குதானே வரும், அப்ப தப்பா அளந்துட்டாங்களா?” எவ்வளவு நியாயமான கேள்வி! மழைமானி என்பது என்ன, ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர் தண்ணீர், அப்படியானால் 44 செ.மீ. என்பது ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 440 லிட்டர், மேட்டில் விழுந்ததெல்லாம் பள்ளத்துக்கு ஓடி வந்து நின்றால் இடுப்பு என்ன, கழுத்தளவுகூட நிற்கும். இதைப் படத்தோடு சொல்லும் புத்தகம் ஒன்று வகுப்பில் இருந்தால் அவனே படித்துக் கண்டுபிடித்திருப்பான், மறுநாள் ஒரு பாட்டிலை வெட்டி மழைமானி செய்து வாசலிலும் வைத்திருப்பான்.

கடலோரப் பிள்ளைகளின் கேள்விகள் வேறு மாதிரி. திருமுல்லைவாசல், பழையாறு பக்கம் தை மாசியில் பங்குனி ஆமைகள் என்ற கடலாமைகள் கரையேறி முட்டையிடும், ஒரு குழியில் நூறு முட்டைக்குப் பக்கமாக இருக்கும். வனத்துறை அவற்றை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்து, ஒன்றரை இரண்டு மாதத்தில் குஞ்சுகளைக் கடலில் விடும். பிள்ளைகள் இதைக் கண்ணால் பார்க்கிறார்கள். பெரிய ஊர்களில் தொலைக்காட்சியில் பார்ப்பதை இவர்கள் வீட்டு வாசலிலேயே பார்க்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய பாக்கியம்! அங்கே ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், அப்போதுதான் பொரிந்து வந்த குஞ்சுக்குக் கடல் எந்தப் பக்கம் என்று யார் சொல்லித் தந்தது என்று கேட்டாள். இரவில் தரையைவிடக் கடல் பக்கத்து வானம் வெளிச்சமாகத் தெரியும், குஞ்சு அந்த வெளிச்சத்தை நோக்கிப் போகும், கரையில் பெரிய விளக்கு எரிந்தால் திசை மாறிச் செத்துப்போகும் என்று எங்கள் குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் சொன்னார். மணலின் சூடு அதிகமாக இருந்தால் பெண் குஞ்சு, குறைவாக இருந்தால் ஆண் குஞ்சு என்றும் சொன்னதும், “இதெல்லாம் எந்தப் புக்குல இருக்கு சார்?” என்று உடனே கேட்டாள். அவள் பள்ளியில் அப்படி எடுத்துக் கொடுக்க ஒன்றும் இல்லை.

வாசிக்க மாட்டார்கள், புத்தகம் வீணாகும் என்று நினைக்காதீர்கள். 2023-இல் பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் மெல்லிய கதைப் புத்தகங்களை இந்தப் பள்ளிகளில் ஓரம் நைந்துபோகும் வரை படித்திருக்கிறார்கள். பிள்ளை ஒரே மூச்சில் படித்து முடிக்கிற அளவில் இருந்தால் படிக்கிறது, அவ்வளவுதான். அறிவியலிலும் அப்படி 16 பக்கம், 24 பக்கப் புத்தகங்கள் தமிழில் வருகின்றன. நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ், துளிகா, பாரதி புத்தகாலயம் என்று பல இடங்களில் தேடிப் பட்டியல் எடுத்து வைத்திருக்கிறோம். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் முதலில் ஒரு பிரதி வாங்கி, மூன்று, நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் சத்தமாகப் படிக்கச் சொல்கிறோம், ஒரே பக்கத்தில் மூன்று இடத்தில் திணறினால் அதைத் தள்ளி வைத்துவிடுகிறோம். மொழிபெயர்ப்பு கரடுமுரடாக இருக்கிற அழகான புத்தகங்கள் சில இப்படித்தான் போய்விட்டன, வருத்தம்தான்.

கணக்கு இது. ஒரு பள்ளிக்கு 80 புத்தகங்கள், சராசரி 70 ரூபாய், ஆக 5,600. மீதி 1,900 ரூபாயில் மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டிகளும் (மழை வந்தால் அப்படியே தூக்கி மேலே வைத்துவிடலாம்), வகுப்பில் புத்தகத்தைத் தொங்கவிடக் கயிறும் கிளிப்பும், 1987-இலிருந்து வந்துகொண்டிருக்கும் துளிர் அறிவியல் மாத இதழுக்கு ஒரு வருடச் சந்தாவும். ஒரு பள்ளிக்கு 7,500. ஒருவரே ஒரு பள்ளியை எடுத்துக்கொண்டாலும் சரி, 70 ரூபாய் தந்து ஒரு புத்தகத்துக்குப் பொறுப்பேற்றாலும் சரி, எல்லாத் தொகைக்கும் ரசீது உண்டு. வாங்கிய கடை பில்லும் பள்ளி வாரியான புத்தகப் பட்டியலும் பணம் தந்த ஒவ்வொருவருக்கும் வந்து சேரும்.

பழைய புத்தகம் தரலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை, தப்பாக நினைக்க வேண்டாம். போன முறை வந்த மூட்டைகளில் போட்டித் தேர்வு கைடுகளும், எட்டாம் வகுப்பு நோட்ஸும், தடிதடியான ஆங்கிலக் கலைக்களஞ்சியங்களும்தான் அதிகம். சூரியக் குடும்பத்துக்கு ஒன்பது கோள்கள் என்று போட்ட புத்தகங்களும் நிறைய இருந்தன, புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து 2006-லேயே எடுத்துவிட்டார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தப்பைக் கொடுத்துவிட்டு அப்புறம் திருத்துவது பெரிய பாடு. அதனால் பணமாகவே தாருங்கள். உங்கள் வீட்டில் தமிழில் நல்ல நிலையில் உள்ள சிறுவர் அறிவியல் புத்தகம் இருந்தால் மட்டும் முதலில் அட்டையைப் படம் எடுத்து எங்களுக்குக் காட்டுங்கள்.

தலைமை ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்டிருக்கிறோம், பன்னிரண்டு பேரும் சம்மதித்துவிட்டார்கள். புத்தகத்தைப் பூட்டி வைக்கக் கூடாது, தொலைந்தாலோ கிழிந்தாலோ பிள்ளையிடமோ ஆசிரியரிடமோ காசு கேட்கக் கூடாது. ஒரு வருடத்தில் எத்தனை கிழியுமோ அத்தனையை நாங்கள் மாற்றித் தருகிறோம். நூலகத்துக்கு 1931-இல் ஐந்து விதிகள் எழுதிய எஸ்.ஆர். ரங்கநாதன் 1892-இல் இதே சீர்காழியில் பிறந்தவர், அவர் பெயருக்கு முன்னால் உள்ள ‘எஸ்’ சீர்காழிதான், ஷியாளி என்று அன்றைக்கு எழுதுவார்கள். புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது அவருடைய முதல் விதி. அவர் ஊர்ப் பள்ளிகளில் புத்தகம் பீரோவுக்குள் சாவியோடு இருப்பது எங்களுக்கு மனசு கேட்கவில்லை.

வீட்டில் பிறந்தநாள், திருமணநாள், பெரியவர்கள் நினைவுநாள் வந்தால் அன்றைக்கு ஒரு பள்ளியையோ பத்துப் புத்தகங்களையோ எடுத்துக்கொள்ளுங்கள், உள் அட்டையில் பெயர் எழுதி ஒட்டுகிறோம். வெளியூரில் இருப்பவர்கள் உள்ளூரில் இருக்கும் அண்ணன் தம்பி யாரிடமாவது சொன்னால் போதும், குழுவில் ஒருவர் நேரில் போய் வாங்கிக்கொண்டு ரசீது தருவார். அட்டை போட, எண் ஒட்ட, பெட்டிகளை வண்டியில் ஏற்றி இறக்க ஆட்களும் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அரை நாள் ஒதுக்க முடிந்தவர்கள் சொல்லுங்கள்.

மற்ற பள்ளிகளுக்கு ஜூனில் திறக்கும்போது கொடுத்தால் போதும். கடலோரப் பள்ளிக்கு மட்டும் ஏப்ரல் முதல் வாரத்துக்குள் பெட்டி போய்ச் சேர வேண்டும், ஆமையைப் பற்றிக் கேட்ட பெண் ஐந்தாவது முடிக்கிறாள், ஜூனில் வேறு பள்ளிக்குப் போய்விடுவாள்.