கோல்ஃப் பயிற்சிக் குறிப்புகளில் மூன்று திருத்தங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் கோல்ஃப் பழகுவோருக்கான பயிற்சிக் குறிப்புகள் சில வாரங்களாக வெளிவருவதை விடாமல் படித்து வருகிறேன். கிரிக்கெட்டுக்கே இடம் போதாத பக்கத்தில் இந்த ஆட்டத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் கடைசியாக வந்த பகுதியில் இருந்த மூன்று அறிவுரைகளைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. பந்து வலப்புறம் வளைந்தால் இடப்புறம் தள்ளிக் குறிபார்க்க வேண்டும், அடித்து முடிக்கும் வரை தலையை அசைக்கவே கூடாது, ஒரு சுற்றின் அடிகளில் பாதிக்கு மேல் கிரீனிலும் (குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய பரப்பு) அதைச் சுற்றியுமே விழுவதால் பயிற்சி நேரத்திலும் பாதியை அங்கேயே செலவிட வேண்டும் என்பவையே அவை. மூன்றும் காதுக்கு நியாயமாகத்தான் ஒலிக்கின்றன. வார இறுதியில் மட்டும் கிளப்பை, அதாவது பந்தை அடிக்கும் மட்டையைத் தொடும் என்னைப் போன்றவர்களின் ஹேண்டிகேப் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்; இறங்க இறங்கத் திறன் கூடியதாகப் பொருள்) ஆண்டுக்கணக்கில் இறங்காமல் நிற்பதற்கு இத்தகைய அறிவுரைகளுக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

முதலில் ஸ்லைஸ். வலக்கை ஆட்டக்காரரின் பந்து வலப்புறமாக வளைந்து போகும் இந்தக் கோளாறுதான் அமெச்சூர்களின் தீராத தலைவலி. பந்து கிளப் வீசப்படும் பாதையில் கிளம்பி, பிறகு கிளப் முகம் (பந்தில் படும் பரப்பு) பார்க்கும் திசைக்கு வளைகிறது என்றே பல தலைமுறைகளாகக் கற்பிக்கப்பட்டது. பந்தையும் கிளப்பையும் ஒருசேர ரேடாரால் பின்தொடரும் டிராக்மேன் போன்ற கருவிகள் வந்த பிறகு, நடப்பது ஏறக்குறைய இதற்குத் தலைகீழ் என்பது தெளிவாகிவிட்டது. மோதும் கணத்தில் கிளப் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, பெரும்பாலும் அந்தப் பக்கமே பந்து கிளம்புகிறது. புறப்படும் திசையில் முகத்தின் பங்கு, நெடுந்தூரம் அடிக்கும் கிளப்பான டிரைவரில் சுமார் 85 சதவீதம், இடைத்தூர அடிகளுக்கான அயர்னில் சுமார் 75 சதவீதம். முகம் பார்க்கும் திசைக்கும் கிளப் வந்த பாதைக்கும் இடையில் விழும் கோணமே வளைவைத் தருகிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு தங்கள் பத்தியின் அறிவுரையைப் பாருங்கள். ஸ்லைஸ் அடிப்பவரின் கிளப் ஏற்கெனவே வெளியிலிருந்து உள்நோக்கி வெட்டி வருகிறது. அவர் இடப்புறம் தள்ளி நின்றால் தோளும் அந்தப் பக்கமே திரும்பி, பாதை இன்னும் கூடுதலாக இடப்புறம் வெட்டும். பந்து எப்படியாவது ஃபேர்வேக்கு (குழியை நோக்கிச் செல்லும், புல் வெட்டிய பாதைக்கு) போக வேண்டும் என்ற ஆசையில் கைகளோ முகத்தைப் பழைய இலக்கை நோக்கியே திறந்து வைக்கும். இரண்டுக்கும் இடையிலான கோணம் அகல, நேற்று ஃபேர்வே ஓரத்தில் நின்ற பந்து இன்று மரத்தடியில் கிடக்கும். செய்ய வேண்டியது முகத்தைச் சீர்செய்வது, அது பிடியில் தொடங்குகிறது. இடக்கையைச் சற்று வலப்புறம் திருப்பி, மேலிருந்து குனிந்து பார்க்கும்போது இரண்டு மூன்று விரல்முட்டிகள் தெரியும்படி பிடித்தாலே பலருக்குப் பாதிக் கோளாறு அடங்கிவிடும். முகத்தின் திறப்பு குறைந்து பந்து இடப்புறமாகக் கிளம்பத் தொடங்கிய பிறகுதான் பாதையைத் திருத்தும் வேலைக்குப் போக வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் குழப்பமே மிஞ்சும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிளப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு விநாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதைக் கண்ணால் பார்த்துத் திருத்த எவராலும் முடியாது. ஆனால் பந்து முகத்தில் எங்கே பட்டது என்று அறிய டிராக்மேன் வாங்க வேண்டியதில்லை. டிரைவர் முகத்தில் சாக்பீஸை லேசாகத் தேய்த்துவிட்டு அடித்தால், பந்து பட்ட இடத்தில் வட்டமாக ஒரு தடம் விழும். அந்தத் தடம் கிளப்பின் தண்டான ஷாஃப்ட்டை ஒட்டிய குதிப் பக்கமாகவே திரும்பத் திரும்ப விழுகிறதென்றால், ஸ்விங் எவ்வளவு அழகாக இருந்தாலும் பந்து வலப்புறம் வளையவே பார்க்கும். அப்படிப்பட்டவர் தன் பாதையைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன், பந்துக்கு எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதையும், கிளப் இறங்கும்போது உடல் பந்தை நோக்கிச் சாய்கிறதா என்பதையும் கவனிப்பது நல்லது. கைபேசியில் எடுத்த ஸ்விங் வீடியோவை நூறு முறை ஓட்டிப் பார்ப்பதைவிட இந்த வெள்ளைத் தடம் அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

அடுத்தது தலை. பந்தின் உச்சியைத் தட்டி உருட்டிவிட்டால் போதும், கூட ஆடும் மூவரும் ஒரே குரலில் “தலையைத் தூக்கிட்டீங்க சார்” என்பார்கள். பெண்களுக்கான தொழில்முறைத் தொடரான எல்பிஜிஏவில் 72 பட்டங்கள் வென்ற அன்னிகா சோரன்ஸ்டாமும், 2001-இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்ற டேவிட் டூவலும் கிளப் பந்தைத் தொடுவதற்கு முன்பே தலையை இலக்கை நோக்கித் திருப்பத் தொடங்கியவர்கள். அவர்கள் பந்தைத் தவறவிடவில்லை. எல்லோரும் அவர்களைப் போலத் திருப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தலையைக் கல்லாக்கிக்கொண்டால் மார்பு திரும்புவது தடைபடும், மார்பு நின்றால் கைகள் மட்டும் முன்னே பாயும் என்றே சொல்கிறேன். பந்தின் உச்சியில் கிளப் படுவதற்குப் பெரும்பாலும் காரணம், உடல் எடை பின்காலிலேயே தங்கிவிடுவதால் வீச்சின் அடிப்புள்ளி பந்துக்குப் பின்னால் விழுவதும், கடைசிக் கணத்தில் முழங்கைகள் மடங்குவதும்தான். அயர்ன் அடியில் கிளப் முதலில் பந்தைத் தொட்டு, பிறகே தரையைத் தொட வேண்டும். அடிப்புள்ளி பந்தைத் தாண்டிச் சில அங்குலம் முன்னால் இருக்க வேண்டும். புல்தரை உள்ள பயிற்சி ரேஞ்சில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு போட்டு, பந்து வைக்காமலே வீசி, புல் சீவப்படுவது கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று பார்ப்பது எளிய சோதனை. பாய் விரித்த ரேஞ்சில் இது தெரியாது. பின்னால் விழுந்த அடியையும் பாய் வழுக்கிவிட்டு நல்ல அடியாகக் காட்டிவிடும்.

மூன்றாவது அறிவுரைதான் சற்று நுட்பமானது. டிரைவ் (நெடுந்தூர முதல் அடி) வெறும் வேடிக்கைக்கு, காசு பட்டிங்கில் (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டுவதில்) என்று கோல்ஃப் உலகில் ஒரு பழைய பேச்சு உண்டு. அடிகளை எண்ணினால் அது சரியென்றே தோன்றும். ஆனால் ஓர் ஆட்டக்காரருக்கும் அவரைவிட வல்லவருக்கும் இடையிலான வித்தியாசம் எந்த அடிகளில் விழுகிறது என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, ஏராளமான அடிகளின் பதிவுகளை வைத்து இதையே கணக்கிட்டார். அந்த வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 100 யார்டுக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளில் விழுகிறது என்பதும், தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் அமெச்சூர்களுக்கும் இது பொதுவாகப் பொருந்துகிறது என்பதும் அவருடைய முடிவுகள். இதே முறையில் அமைந்த பட்டிங் கணக்கை, அமெரிக்காவின் ஆண்கள் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூர் 2011 முதல் வெளியிடுகிறது.

அப்படியானால் ஷார்ட் கேமை, அதாவது கிரீனிலும் அதன் அருகிலும் ஆடும் ஆட்டத்தை விட்டுவிடலாமா என்று கேட்டால், கூடாது என்பேன். பிராடியின் கணக்கு சராசரியைச் சொல்கிறது. உங்களுடைய கணக்கு வேறாக இருக்கலாம். முழு ஸ்விங்கை மாற்ற நல்ல கோச்சும் பல மாதப் பொறுமையும் வேண்டும். சிப் (கிரீனுக்கு அருகிலிருந்து தட்டும் சிறு அடி) அடிக்கும் முறையைத் திருத்த ஒரு பயிற்சி கிரீனும் ஒரு மாலைப் பொழுதும் போதும். ஆகவே பாதி நேரம் அங்கே, பாதி நேரம் இங்கே என்று பங்கு பிரிப்பதற்கு முன், ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் ஸ்கோர் கார்டின் ஓரத்தில் எந்த அடி வீணானது என்று குறித்துவைக்கச் சொல்லியிருக்கலாம். பந்து எல்லைக்கு வெளியே போனதா, பங்கர் எனப்படும் மணற்குழியிலிருந்து வெளியேற இரண்டு அடி ஆனதா, மூன்று பட் போட நேர்ந்ததா என்ற அளவில் குறித்தால் போதும். உலக ஹேண்டிகேப் முறை கடைசி 20 ஸ்கோர்களில் சிறந்த எட்டை மட்டுமே எடுத்துக்கொள்வதால், ஹேண்டிகேப் எண் நம் நல்ல நாள்களின் கதையைத்தான் சொல்லும். கெட்ட நாள்களின் கதை அந்த ஓரக் குறிப்புகளில்தான் கிடைக்கும்.

ஷார்ட் கேமைப் பற்றித் தங்கள் பத்தி நீளமாக எழுதியும், பந்தை உயரத் தூக்கும் கிளப்பான வெட்ஜின் அடிப்பகுதியைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வியப்பளித்தது. சாண்ட் வெட்ஜின் அடியைக் கவனித்தால், அதன் பின்விளிம்பு முன்விளிம்பைவிடத் தாழ்ந்திருப்பது தெரியும். பவுன்ஸ் எனப்படும் இந்த அமைப்பு, கிளப் மண்ணுக்குள் புதையாமல் வழுக்கிச் செல்வதற்காக ஏற்பட்டது. 1930-களின் தொடக்கத்தில் ஜீன் சாரசன் தன் கிளப்பின் அடியில் உலோகத்தைப் பற்றவைத்துச் சோதித்துப் பார்த்து, 1932 பிரிட்டிஷ் ஓப்பனை அதனோடு வென்ற பிறகு இது எல்லோருடைய பையிலும் இடம்பிடித்தது. கொத்தனார் சுவர் பூசும்போது கரண்டியின் முன்விளிம்பைச் சற்றுத் தூக்கிப் பிடிப்பதும் இதே காரணத்துக்காகத்தான். முன்விளிம்பு தாழ்ந்தால் கரண்டி சாந்தைக் கிழித்துவிடும். ஆனால் புதியவர்களுக்குக் கற்றுத்தரப்படுவதோ, பந்தைப் பின்காலுக்கு நேரே வைத்துக் கைகளை நன்றாக முன்னால் தள்ளு என்பது. அப்படிச் செய்யும்போது பவுன்ஸ் காணாமல் போய், கூரிய முன்விளிம்பு மண்ணில் குத்துகிறது. ஒரு முறை இப்படிக் குத்திப் பந்து இரண்டடி நகர்ந்தால், அந்தப் பயத்தில் அடுத்த முறை ஆட்டக்காரர் கிளப்பைத் தூக்குவார், பந்து கிரீனைத் தாண்டி மறுபக்கத்துக்குப் பறக்கும். பந்தை நிலைப்பாட்டின் நடுவில் வைத்து, எடையை முன்காலில் சற்றுக் கூடுதலாக நிறுத்தி, ஷாஃப்ட் ஏறக்குறைய நிமிர்ந்திருக்க அடித்தால், ஓரங்குலம் பின்னால் பட்டாலும் கிளப் வழுக்கிப் பந்தை எடுத்துவிடும். அமெச்சூருக்குத் தேவை இந்த மன்னிப்புதான்.

நம் ஊர்த் தரைக்கென்று ஒரு சங்கதியும் உண்டு. வெப்பமான சமவெளிகளில் கோல்ஃப் மைதானங்களுக்குப் பெரிதும் பயன்படும் பெர்முடா புல், பிள்ளையாருக்குச் சாத்தும் நம் அருகம்புல்லின் இனமே. அது ஒரு பக்கமாகச் சாய்ந்து படர்வதால், அந்தச் சாய்வை எதிர்த்து அடிக்கும் சிப்பில் கிளப் சிக்கிக்கொள்ளும், பட்டில் பந்து வேகமிழக்கும். கிரீனை ஒரு பக்கத்திலிருந்து பார்க்கும்போது பளபளப்பாகத் தெரிந்தால் புல் நம்மை விட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது, பந்து விரைந்து ஓடும்; கருத்துத் தெரிந்தால் நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. வெளிநாட்டுக் காணொளிகளை மட்டும் பார்த்துப் பழகுவோர் பலருக்கு இது தெரிவதில்லை. புல் எதிர்த்து நிற்கும் இடத்தில் 60 டிகிரி வெட்ஜை எடுத்துப் பந்தை உயரத் தூக்க முயல்வதைவிட, எட்டாம் எண் அயர்னால் தாழ்வாகத் தட்டி உருட்டுவது பாதுகாப்பானது. முடிந்தால் பட்டிங் கிளப்பான பட்டராலேயே உருட்டிவிடலாம்.

பட்டிங்கைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களே எட்டு அடி தூரத்திலிருந்து ஏறக்குறைய பாதி முறைதான் பந்தைக் குழிக்குள் போடுகிறார்கள். ஆகவே பத்தடிப் பட் தவறியதற்கு வருந்துவதில் பொருளில்லை. குழியின் அகலம் 108 மில்லிமீட்டர். பந்து வேகமாக வர வர அந்த அகலம் அதற்குச் சுருங்கிக்கொண்டே போகும். முப்பது நாற்பது அடியிலிருந்து பந்தைக் குழிக்கு அருகே கொண்டுவந்து நிறுத்தப் பழகுவதே மூன்று பட் போடுவதைக் குறைக்கும். பயிற்சி கிரீனில் பெரும்பாலோர் நாலடிப் பட்டையே தட்டிக்கொண்டிருப்பதுதான் நான் காண்பது.

டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக் நான்காமிடம் பெற்றதைத் தங்கள் பத்தி சான்றாகக் காட்டியிருந்தது. ஒரே ஓர் அடியில் பதக்கப் போட்டி கைநழுவிய அந்த ஆகஸ்ட் 2021 காலைப் பொழுதை யாரும் மறந்திருக்க மாட்டோம். களத்தில் மிகக் குறைந்த தூரம் டிரைவ் அடித்தவர்களில் ஒருவராக இருந்தும் அவர் பட்டிங்கால் ஈடுகொடுத்தார் என்பது உண்மையே. ஆனால் அந்தக் குறைந்த தூர டிரைவ்கள் நேராகப் போயின என்பதையும், மற்றவர்கள் அயர்ன் எடுக்கும் இடத்தில் அவர் அதைவிடத் தூரம் அடிக்கும் கிளப்களான ஃபேர்வே உட்டையும் ஹைப்ரிடையும் எடுத்துக் கிரீனை எட்டினார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பத்தியை நிறுத்திவிடுங்கள் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. அடுத்த பகுதியும் ஷார்ட் கேமைப் பற்றியதே என்று அறிவித்திருக்கிறீர்கள். 1991-இல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரான அலி ஷேரும், 2009-இல் அதே பட்டத்தை வென்ற பெங்களூரு முனியப்பாவும் கேடிகளாக, அதாவது ஆட்டக்காரரின் கிளப் பையைச் சுமப்பவர்களாகத் தொடங்கியவர்கள். எஸ்.எஸ்.பி. சௌராசியா, கொல்கத்தா மைதானத்தில் புல்தரையைப் பராமரித்தவரின் மகன். கிரீனைச் சுற்றிய ஆட்டத்துக்கே பெயர் பெற்றவர். நம் மாநில மைதானங்களிலும் எந்தப் புல் எந்தப் பக்கம் சாய்கிறது, மழைக்குப் பிறகு எந்தப் பங்கரில் மணல் கெட்டிப்படுகிறது என்று விரல்நுனியில் வைத்திருக்கும் மூத்த கேடிகள் இருக்கிறார்கள். அந்தப் பகுதியை அச்சுக்கு அனுப்புவதற்கு முன், தங்கள் செய்தியாளர் அவர்களில் ஒருவரோடு ஒன்பது குழிகள் நடந்து, அவர் சொல்வதை அவருடைய பெயரிலேயே வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சென்னை.