மர்மக் கதை சொல்லும் யூடியூபர்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களே, வணக்கம்.

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு உங்கள் வீடியோக்களைப் பார்க்கிற ஆள் நான். அமானுஷ்யக் கதை என்றால் தூக்கத்தையும் விட்டுவிடுவேன். ஆனால் நடந்ததோடு பிற்பாடு ஒட்டிய கற்பனையையும் கலந்து சொல்வது ரொம்ப நாளாக மனதை உறுத்துகிறது.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஃப்ளானன் தீவுகளில் ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. 1900 டிசம்பரில் அங்கே பணியில் இருந்த ஜேம்ஸ் டுகாட், தாமஸ் மார்ஷல், டொனால்ட் மெக்ஆர்தர் மூவரும் காணாமல் போனார்கள். டிசம்பர் 26 அன்று கப்பல் போய்ப் பார்த்தபோது தீவில் யாருமே இல்லை. இதை யார் சொன்னாலும் தொடாத சாப்பாடும் கவிழ்ந்த நாற்காலியும் வந்துவிடும். அவை 1912-ல் வெளியான ஒரு கவிதையில் இருப்பவை. அவர்கள் அழுதார்கள், பிரார்த்தித்தார்கள் என்று கலங்கரை விளக்கப் பதிவேட்டில் இருந்ததாகச் சொல்லும் வரிகளும் பல வருடம் கழித்து ஒரு பத்திரிகையில் முளைத்தவைதான்.

நேரில் போனவர்கள் பார்த்தது வேறு. சமையல் பாத்திரங்கள் கழுவித் துடைத்துச் சுத்தமாக இருந்தன. மெக்ஆர்தரின் மழைக்கோட்டு அங்கேயே இருந்தது. அந்தக் குளிரில் அவர் வெறும் சட்டையோடு வெளியே போயிருக்கிறார். தீவின் மேற்குப் படகுத்துறையில், கடல் மட்டத்துக்கு 110 அடி உயரத்தில் கயிறுகள் வைத்திருந்த பெட்டியையே அலை உடைத்துப் போட்டிருந்தது. அதைப் பத்திரப்படுத்தப் போனவர்களைப் பெரிய அலை இழுத்துப் போயிருக்க வேண்டும் என்று விசாரித்த மேலதிகாரி ராபர்ட் மூர்ஹெட் எழுதினார். எனக்கு இந்த மழைக்கோட்டுதான் எந்தப் பேயையும் விட அதிகமாகக் குலை நடுங்க வைக்கிறது.

ரஷ்யாவின் யூரல் மலையில் இருக்கும் டியாட்லோவ் கணவாய்க் கதையும் அப்படித்தான். 1959-ல் அங்கே மலைப்பயணம் போன ஒன்பது பேர் கூடாரத்தை உள்ளிருந்து கிழித்துக்கொண்டு பனியில் ஓடி இறந்தார்கள். பனிப்பலகை சரிந்திருக்கலாம் என்று 2021-ல் ஒரு ஆய்வு காட்டியது. எல்லாக் கேள்விக்கும் அதில் பதில் இல்லை, சரி. அதற்காக வேற்றுக்கிரகவாசியைக் கொண்டுவர வேண்டுமா? உடல்நிலை சரியில்லாமல் பாதியில் திரும்பிய யூரி யூடின் 2013 வரை உயிரோடு இருந்தார். போனவர்கள் அவருடைய கூட்டாளிகள்.

எது அறிக்கையில் இருப்பது, எது பிற்பாடு ஒட்டியது என்று வீடியோவிலேயே பிரித்துச் சொல்லுங்கள். பார்க்கிறவர்கள் எழுந்து போய்விட மாட்டார்கள், நான் உட்கார்ந்திருப்பேன்.

அப்புறம் ஒன்று. டிசம்பர் 7 அன்று தீவுக்குப் போயிருந்த மூர்ஹெட், அவர்களிடம் கடைசியாகக் கைகுலுக்கி விடைபெற்றவன் நான்தான் என்று தன் அறிக்கையில் வருத்தத்தோடு குறிப்பிட்டிருக்கிறார். அடுத்த முறை அந்தக் கைகுலுக்கலில் இருந்து கதையைத் தொடங்குங்களேன்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்