வெளியூர் ஒலிப்பதிவு சொகுசு அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

லேப்டாப்பும் ஹெட்போனும் இருந்தால் வீட்டறையிலேயே ஆல்பம் முடித்துவிடலாம், இந்தக் காலத்திலும் ராக் குழுக்கள் எங்கோ ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்துத் தங்கி ஒத்திகை பார்ப்பது வெட்டிச் செலவு என்று உங்கள் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. தனியாளாகப் பாட்டுப் போடுகிறவருக்கு அது சரி. நாலைந்து பேர் சேர்ந்து வாசிக்கும் குழுவுக்கு?

சொகுசு என்கிறவர்கள் டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் குழு பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். 1971 டிசம்பரில், அங்கிருந்த கேசினோவில் பதிவு செய்யலாம் என்று சுவிட்சர்லாந்தின் மாண்ட்ரோவுக்குப் போனார்கள். வேலையைத் தொடங்கும் முன்பே, அங்கே நடந்த அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஜாப்பாவின் கச்சேரியில் கூட்டத்தில் யாரோ ஃபிளேர் துப்பாக்கியை (வெளிச்சம் காட்டத் தீப்பிழம்பைச் சுடுவது) சுட்டுவைக்க, கேசினோ எரிந்தே போனது. வேறொரு அரங்குக்கு மாறினால், ராத்திரியில் என்ன சத்தம் என்று போலீஸ் வந்துவிட்டது. கடைசியில் குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த ஒரு ஹோட்டலுக்குள் அறைகளுக்கு இடையிலான நடைபாதையில் மெத்தைகளை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து வாசித்தார்கள். பதிவுக் கருவிகளோ வெளியே நின்ற, ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற இன்னொரு ராக் குழுவின் நடமாடும் ஒலிப்பதிவு வண்டியில். வாசித்ததைக் கேட்க வேண்டுமானால் அறைகளையும் பால்கனிகளையும் தாண்டிச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஒரு கட்டத்தில் அலுத்துப்போய், கேட்கிற வேலையே வேண்டாம், நமக்குச் சரி என்று படும்வரை வாசிப்போம் என்று முடிவு செய்தார்கள். 'மெஷின் ஹெட்' ஆல்பம் பிறந்த கதை இது. என்னைக் கேட்டால் அந்த ஆல்பத்தின் முறுக்கே அதனால் வந்ததுதான்.

அதே வண்டியை லெட் செப்பலின் என்ற ராக் குழுவும் இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டுக்குக் கொண்டுபோனது. கூடத்தில் டிரம்ஸை வைத்து, மாடிப்படியின் மேலே இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிந்தார்கள். அந்தக் கூடத்தின் எதிரொலியும் பாட்டில் ஒரு வாத்தியமாகிவிட்டது.

எல்லாமே இப்படி நல்லபடியாக முடியும் என்று நான் சொல்லவில்லை. வரிக்குப் பயந்து 1971-இல் பிரான்சுக்குப் போன ரோலிங் ஸ்டோன்ஸ், தங்கள் கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் எடுத்திருந்த வீட்டின் நிலவறையில் வாசித்தார்கள்; புழுக்கத்தில் கிதார் சுருதி நிற்காது, நினைத்த நேரத்துக்கு ஆள் சேராது. அங்கே பதிந்துகொண்டிருந்த 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' ஆல்பத்தை லாஸ் ஏஞ்சலிஸ் போய்த்தான் முடிக்க முடிந்தது. ஆக, ஊரைவிட்டுப் போனால் மட்டும் பாட்டு வந்துவிடாது. ஆனால் சாயங்காலமானால் ஆளுக்கொரு பக்கம் கிளம்பிப் போகாமல், ஒருவர் ஒரு துண்டை வாசிக்க மற்றவர் அதைப் பிடித்துக்கொண்டு நடுராத்திரிவரை இழுப்பது எல்லாரும் ஒரே இடத்தில் தங்கினால்தான் நடக்கும். கோப்புகளை மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டால் அது வராது.

அப்புறம், அந்தக் கட்டுரையில் டிரம்ஸைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அடுத்த முறை டிரம்ஸ் வாசிப்பவர் ஒருவரிடமும், முடிந்தால் அவருடைய பக்கத்து வீட்டுக்காரரிடமும் கேட்டுவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்