பானுமதிக்கு எழுத உங்களுக்கு அந்த ஒரு வரிதான் கெடைச்சுதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயித்துக்கிழமை இணைப்புல பழைய நடிகைகளைப் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சே, படிச்சேன். மத்தவங்களுக்கெல்லாம் ஆளுக்கு அரைப்பக்கம், பானுமதிக்கு மட்டும் ஒரே ஒரு பத்தி, அதுலயும் "திமிரால் எம்.ஜி.ஆருடன் மோதி வாய்ப்புகளை இழந்தவர்"னு ஒரு வரி. எழுதினது தம்பியா தங்கச்சியான்னு தெரியல, பேர் போடல. தங்கச்சியா இருந்தா இன்னும் வருத்தம்.

வாய்ப்பு போச்சாம். சார், உங்களுக்குத் தெரியாததா? நாடோடி மன்னன் 1958ல வந்துச்சு, அந்த மோதலால பாதியில அவங்க கேரக்டர் செத்துடும், அப்புறம் கலர்ல சரோஜாதேவி வருவாங்க, இது ஊரே சொல்ற கதைதான், நான் இல்லேங்கல. ஆனா அதுக்கப்புறம் 1960ல ராஜா தேசிங்கு, 1963ல காஞ்சித் தலைவன், அதே வருஷம் கலை அரசி, இந்த மூணுலயும் எம்.ஜி.ஆர் கூட நடிச்சது யாரு? எங்க வீட்டுச் சுவரா? அந்த மனுஷனே மறந்துட்டு அடுத்த வேலைய பாக்கப் போயிட்டாரு, நீங்கதான் அந்தச் சண்டைய இன்னும் பீரோவுல பூட்டி வச்சு வருஷா வருஷம் எடுத்து வெயில்ல காயப்போடுறீங்க.

அப்புறம் இதையும் கேளுங்க. எம்.ஜி.ஆர் முதல்முதலா டைரக்ட் பண்ண படமே நாடோடி மன்னன்தான். பானுமதி சண்டிராணிய டைரக்ட் பண்ணது 1953ல, தமிழ் தெலுங்கு இந்தின்னு மூணு பாஷையில, அதுலயே டபுள் ஆக்ட் வேற. அஞ்சு வருஷம் முன்னாடியே டைரக்டர் சேர்ல உக்காந்து எழுந்தவங்க செட்டுல ஒரு அபிப்பிராயம் சொல்லக்கூடாதா? இதே ஒரு ஹீரோ வசனத்த மாத்து, கேமராவ இந்தப் பக்கம் வைன்னு சொல்லியிருந்தா "தொழில் மீது அவருக்கிருந்த பக்தி"ன்னு நீங்களே கட்டம் கட்டிப் போட்டிருப்பீங்க. மிஸ்ஸம்மா படத்துல இருந்து அவங்க விலகினதும் சாவித்திரி வந்ததும் எல்லாருக்கும் மனப்பாடம், சண்டிராணி மட்டும் ஒருத்தர் கண்ணுக்கும் தெரியமாட்டேங்குது.

எனக்கு ஏன் இப்படி எரியுதுன்னா, நானும் ஒரு ஆபீஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவதான். எங்க மேலதிகாரி அவர் வீட்டு விசேஷத்துல லேடீஸ் ஸ்டாஃப் எல்லாம் வந்து பந்தி பரிமாறணும்னாரு, நான் முடியாது சார்னேன், அவ்வளவுதான், கத்தல, மொட்டைக் கடுதாசி போடல. அன்னியிலேர்ந்து எனக்கு அந்த ஆபீஸ்ல திமிர் புடிச்சவன்னு பேரு, பிரமோஷன் லிஸ்ட்ல பேர் தள்ளித் தள்ளிப் போச்சு. அதே அதிகாரி மேஜையில ஃபைல வீசிட்டு வந்த ஆம்பளைக்கு "பாவம் கோபக்காரரு, ஆனா நேர்மையானவரு". இப்படிப் பேர் எப்படி வருதுன்னு அனுபவிச்சவ நான், உங்க கட்டுரையாளர் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

சரி, அந்த ஒரு பத்தியில என்னெல்லாம் விட்டுப்போச்சு தெரியுமா? 1939ல சின்னப் பொண்ணா சினிமாவுக்கு வந்தவங்க. உதவி டைரக்டரா இருந்த ராமகிருஷ்ணாவ 1943ல கல்யாணம் பண்ணிக்கிட்டு, ரெண்டு பேருமா சேந்து பரணி பிக்சர்ஸ், பரணி ஸ்டூடியோன்னு நடத்தினாங்க, அதுவும் பிள்ளை பேர்ல. நடிகைங்க சம்பளத்துக்கு அலைஞ்ச காலத்துல இவங்க முதலாளி சார்! தெலுங்குல கதை எழுதினாங்க, அத்தகாரி கதலு, அதான் மாமியார் கதைகள்னா ஆந்திராவுல இன்னிக்கும் சிரிப்பாங்க. 1966ல பத்மஸ்ரீ. சென்னையில அரசு இசைக் கல்லூரிக்கு முதல்வரா இருந்தாங்க. 1992ல செம்பருத்தியில பாட்டியா வந்து நின்னாங்களே, அதுகூடவா உங்க ஆபீஸ்ல யாரும் பாக்கல?

பாட்டு சங்கதி தனி வயித்தெரிச்சல். எல்லா ஹீரோயினும் வாய மட்டும் அசைக்க ஆரம்பிச்ச பிறகும் தன் பாட்டைத் தானே பாடினவங்க. 1962ல வந்த அன்னை படத்துல "பூவாகி காயாகி" பாட்ட உங்க பாட்டுப் பக்கத்துல வேற ஒரு பாடகி பேர்ல போட்டீங்க. அப்பவே கார்டு போட்டேன், பதில் இல்ல. சிவாஜி ரங்கோன் ராதாவுல நடிச்சதப் பத்தி ஒரு முழுப்பக்கம் வந்தப்ப, அவர் மனைவி ரங்கமா நடிச்ச பானுமதியப் பத்தி ஒரு வரிகூட இல்ல, அதுக்கும் எழுதினேன், நீங்க பாதிய வெட்டிட்டு பாராட்டியிருந்த பகுதிய மட்டும் அச்சடிச்சீங்க. நன்றி.

இந்தக் கட்டுரையில எல்லாத்துக்கும் மேல ஒண்ணு பண்ணியிருக்கீங்க. "அன்னை படத்தில் பானுமதி"ன்னு போட்டிருக்கிற போட்டோவுல இருக்கிறது அஞ்சலிதேவி. அவங்களும் பெரிய நடிகைதான், படமெல்லாம் எடுத்தவங்கதான், அவங்களுக்கும் இது அவமானம். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அங்க வயசானவங்க யாரும் பக்கத்தைப் பாக்கறதில்லையா?

திமிர்ங்கற வார்த்தைய வாபஸ் வாங்குங்கன்னு கேட்டா நடக்காதுன்னு தெரியும், அதனால கேக்கல. அடுத்த வாரம் திருத்தம்னு ரெண்டு வரி போட்டா போதும்: படத்தில் இருப்பவர் அஞ்சலிதேவி, சண்டிராணியை இயக்கியவர் பானுமதி. முதல் பக்கம் வேண்டாம், ராசிபலனுக்குத்தான் ரெண்டு பக்கம் ஒதுக்குறீங்களே, மீன ராசிக்குக் கீழ கொஞ்சம் இடம் இருக்கும், அங்க போடுங்க.

இப்படிக்கு,
பல வருஷமா உங்க சந்தாதாரர் (சந்தா அடுத்த மாசம் முடியுது, புதுப்பிக்கச் சொல்லி போன் பண்றவங்ககிட்ட இந்தக் கடிதத்தையும் கொஞ்சம் காட்டுங்க)